ஐந்து என்னும் எண்ணும் சீனரின் உலக ஒழுங்கும்

சீனரின் பழைய நூல்களை வாசிக்கப் புகும் எவரும் ஐந்து என்னும் எண்ணை மீண்டும் மீண்டும் சந்திப்பர். ஐந்து திசைகள், ஐந்து நிறங்கள், ஐந்து தானியங்கள், ஐந்து திருமலைகள், ஐந்து உள்ளுறுப்புகள், ஐந்து நற்பண்புகள், ஐந்து உறவுகள், ஐந்து மறைநூல்கள், ஐந்து தண்டனைகள் என அப்பட்டியல் நீண்டுகொண்டே செல்லும். நாம் நாற்றிசை என்போம். சீனர் நடுவிடத்தையும் ஒரு திசையாகக் கொண்டு ஐந்தென்பர். நமக்குச் சுவை ஆறு, இசை ஏழு. அவர்களுக்கு இரண்டும் ஐந்தே.

இதனை எண் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. மறைந்துபோன ஒரு மெய்ஞ்ஞானம் என்று வியந்து நிற்பதும் எளிது. இரண்டும் வரலாற்றை அறியும் வழிகள் ஆகா. இவ்வைந்துகள் எவ்வாறு தோன்றின, யார் அவற்றை ஒழுங்குபடுத்தினர், எவருக்கு அவை பயன்பட்டன, எவர் அவற்றால் துன்புற்றனர் என்று வினவுவதே நம் கடமை. அவ்வாறு வினவும்போது ஓர் உண்மை புலப்படுகிறது: ஐந்து என்னும் எண் நிலைத்து நின்றது, அதனுள் வைக்கப்பட்ட பொருளோ காலந்தோறும் மாறிக்கொண்டே வந்தது. அந்த மாற்றங்களில்தான் சீன வரலாற்றின் பெரும் போராட்டங்கள் பலவும் மறைந்து கிடக்கின்றன.

1. ஐம்பூதமா, ஐந்து இயக்கமா?

எல்லா ஐந்துகளுக்கும் அடித்தளமாய் அமைந்தது "வூ ஷிங்" எனப்படும் தொகுதி. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன அதன் உறுப்புகள். தமிழ் வாசகர் இதனைக் கேட்டவுடன் ஐம்பூதங்களை நினைத்துக்கொள்வது இயல்பே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. சீனரின் தொகுதியில் காற்றும் விண்ணும் இல்லை. நம் தொகுதியில் மரமும் உலோகமும் இல்லை. இவ்வேற்றுமையினும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. "வூ" என்பது ஐந்து. "ஷிங்" என்பதற்கு நடத்தல், செல்லுதல் என்பதே முதற்பொருள். உலகம் எவற்றால் ஆக்கப்பட்டது என்னும் வினாவுக்கு நம் முன்னோரும் கிரேக்கரும் விடை தேடினர். உலகம் எவ்வாறு இயங்குகிறது என்பதே சீனரின் வினாவாயிருந்தது. ஆகவே "ஐந்து இயக்கங்கள்" என்று மொழிபெயர்ப்பதே பொருத்தமாகும்.

இந்தியாவிலிருந்து பௌத்த நூல்கள் சீனத்திற்குச் சென்றபோது, மொழிபெயர்ப்பாளர் நிலம், நீர், தீ, காற்று என்னும் மகாபூதங்களை "நான்கு பெரியவை" என்று பெயர்த்தனர். "ஷிங்" என்னும் சொல்லை அதற்கு இடவில்லை. பிற்காலத்தில் வந்த ஐரோப்பியர் இவ்வேறுபாட்டை அவ்வளவாகப் பேணவில்லை. 1582ஆம் ஆண்டு மக்காவ் வந்து, 1610இல் பீஜிங்கில் காலமான இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, சீனரின் ஐந்தை மூலப்பொருள்களின் பட்டியலாகவே கொண்டு அதனை மறுத்தார். நிலம், நீர், காற்று, நெருப்பு ஆகிய நான்கே மூலப்பொருள்கள். மரமும் உலோகமும் கலவைப் பொருள்களேயன்றி மூலங்கள் ஆகா என்பது அவரது வாதம். லண்டன் மிஷன் ஊழியரும், பின்னர் ஆக்ஸ்போர்டின் முதல் சீனமொழிப் பேராசிரியருமான ஜேம்ஸ் லெக் 1865இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பிலும் மூலப்பொருள் என்னும் சொல்லே இடம்பெற்றது. ரிச்சி எந்த நான்கைக் கொண்டு ஐந்தை மறுத்தாரோ, அந்த நான்கும் லவாய்சியே 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலுக்குப்பின் அறிவியலில் நிலைக்கவில்லை. பிறருடைய அறிவை அளக்கும்போது நம் கையிலுள்ள அளவுகோலும் காலத்திற்குட்பட்டதே என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

2. வெள்ளமும் மாபெரும் திட்டமும்

ஐந்து இயக்கங்களை வரிசைப்படுத்திக் கூறும் பழைய நூற்பகுதி, "ஷூ ஜிங்" எனப்படும் ஆவணங்களின் நூலில் உள்ள "மாபெரும் திட்டம்" என்னும் அதிகாரமாகும். ஷாங் அரசகுலத்தை வென்ற சௌ மன்னன் வூ, வீழ்ந்த குலத்தைச் சேர்ந்த ஜீ என்னும் அறிஞனிடம் சென்று, விண்ணுலகின் ஒழுங்கைத் தனக்கு எடுத்துரைக்கும்படி கேட்கிறான். வென்றவன் தோற்றவனிடம் பாடம் கேட்கும் காட்சி அது. ஜீ தன் மறுமொழியை வெள்ளத்தின் கதையோடு தொடங்குகிறான். கூன் என்பவன் பெருவெள்ளத்தை அணையிட்டுத் தடுக்க முயன்று ஐந்து இயக்கங்களையும் குலைத்துவிட்டான். ஆகவே விண்ணரசு அவனுக்கு அத்திட்டத்தை அளிக்கவில்லை. அவன் மகன் யூவுக்கே அது அருளப்பட்டது என்கிறான்.

இங்கே ஒவ்வோர் இயக்கமும் அதன் செயலாலேயே விளக்கப்படுவதைக் காண்க. நீர் நனைத்துக் கீழிறங்கும். நெருப்பு எரிந்து மேலெழும். மரம் வளையவும் நிமிரவும் செய்யும். உலோகம் வார்ப்புக்கு இணங்கி உருமாறும். மண்ணில் விதைப்பும் அறுப்பும் நிகழும். தொடர்ந்து உவர்ப்பு, கைப்பு, புளிப்பு, கார்ப்பு, இனிப்பு ஆகிய சுவைகள் அவற்றோடு இணைக்கப்படுகின்றன. உழவனும் கொல்லனும் தச்சனும் அன்றாடம் காண்பவையே இவை. மக்கள் பயன்படுத்தும் "ஐந்து பொருள்கள்" என்று வேறொரு பழைய வரலாற்று நூலும் குறிப்பிடுகிறது. எனவே இத்தொகுதி தொடக்கத்தில் தத்துவமாக அன்று, வாழ்வுக்கு வேண்டிய பொருள்களின் கணக்காகவே இருந்திருக்க வேண்டும். மாபெரும் திட்டத்தின் இன்றைய வடிவம் மன்னன் வூவின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

இக்கணக்கை உலகச் சக்கரமாக மாற்றிய பெருமை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சீ நாட்டில் வாழ்ந்த ஸோ யென் என்னும் அறிஞருக்கு உரியதாகக் கூறப்படுகிறது. மரம் மண்ணைப் பிளக்கும். உலோகம் மரத்தை வெட்டும். நெருப்பு உலோகத்தை உருக்கும். நீர் நெருப்பை அவிக்கும். மண் நீரைத் தடுக்கும். இது வெல்லும் வரிசை. இதனோடு பெறும் வரிசை ஒன்றும் வழங்கலாயிற்று. மரத்திலிருந்து நெருப்பும், நெருப்பின் சாம்பலிலிருந்து மண்ணும், மண்ணிலிருந்து உலோகமும், உலோகத்திலிருந்து நீரும், நீரிலிருந்து மரமும் பிறக்கின்றன என்பது அது. இவ்விரு வரிசைகளும் அரசியலில் எவ்வளவு வேறுபட்ட பொருளைப் பெற்றன என்பதை அடுத்துக் காண்போம்.

3. அரியணையின் நிறம்

ஒவ்வோர் அரசகுலமும் ஐந்து இயக்கங்களுள் ஒன்றின் ஆற்றலால் ஆள்கிறது. அவ்வாற்றல் தளரும்போது அதனை வெல்லும் இயக்கத்தைப் பெற்ற குலம் எழும் என்பது ஸோ யென் மரபின் போதனை. மஞ்சள் பேரரசருக்கு மண்; யூவுக்கு மரம்; ஷாங் குலத்திற்கு உலோகம்; சௌ குலத்திற்கு நெருப்பு. நெருப்பை அவிக்கப்போகும் நீரின் குலம் எது என்பதே எஞ்சிய வினா.

கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒன்றாக்கிய ச்சின் நாட்டின் முதற்பேரரசன் அவ்வினாவுக்குத் தானே விடையானான். நீருக்குரிய கருமை அரசின் நிறமாயிற்று. நீருக்குரிய எண் ஆறு. எனவே அரசாங்கத் தலையணிகள் ஆறு அங்குலமும், தேர்கள் ஆறு அடியும் ஆயின. மஞ்சள் ஆற்றுக்கு "அறத்தின் நீர்" என்று புதுப்பெயர் இடப்பட்டது. வரலாற்றாசிரியர் ஸுமா சியென் இவற்றைக் கூறியபின் மற்றொன்றையும் சேர்த்துக் கூறுகிறார்: இரக்கமின்றிச் சட்டத்தைச் செலுத்துவதே நீரின் ஆற்றலுக்கு ஏற்றது என்று அவ்வரசு கருதியது. கொடுமைக்கும் இயற்கையின் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

ச்சின் வீழ்ந்தபின் வந்த ஹான் குலத்தின் கதை இதனினும் தெளிவானது. அக்குலம் தொடக்கத்தில் நீரையே தன் ஆற்றலாகக் கொண்டது. கி.மு. 104இல் பேரரசன் வூ நாட்காட்டியைத் திருத்தியபோது நீரைத் தடுக்கும் மண் ஏற்கப்பட்டு, மஞ்சள் நிறமும் ஐந்து என்னும் எண்ணும் முதன்மை பெற்றன. பின்னர் அறிஞர்கள் வெல்லும் வரிசையை விட்டுப் பெறும் வரிசையைக் கைக்கொண்டு கணக்கை மாற்றி எழுதினர்; ஹான் நெருப்பாயிற்று. கி.பி. 9இல் அரியணையைக் கைப்பற்றிய வாங் மாங் தன்னை மண்ணின் அரசன் என்று அறிவித்தான். மண் நெருப்பை வென்று வருவதன்று, அதிலிருந்து பிறப்பது. ஆகவே அபகரிப்பு பிறப்பாயிற்று, பறித்தவன் வாரிசானான். வாங் மாங்கை வீழ்த்தியபின் மீண்டெழுந்த ஹான் குலம் கி.பி. 26இல் நெருப்பையே தன் ஆற்றலாக உறுதிசெய்தது. ஒரே குலம் நீர், மண், நெருப்பு என மூன்று இயக்கங்களுக்கு உரியதாய் இருந்திருக்கிறது!

அரசர் கற்பித்ததை மக்களும் கற்றனர். கி.பி. 184இல் ஏழை உழவர் பெருந்திரளாய்க் கிளர்ந்தெழுந்தபோது தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தனர். நெருப்பின் காலம் முடிந்து மண்ணின் காலம் வந்தது என்பது அதன் பொருள் எனக் கொள்வர். அக்கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 220இல் கடைசி ஹான் பேரரசனைப் பதவி துறக்கச் செய்த சாவ் பீ தன் ஆட்சியாண்டுக்கு இட்ட பெயரோ "மஞ்சளின் தொடக்கம்" என்பதாகும்.

4. எண்ணுக்கு ஏற்ற உலகம்

எண் முன்னரே முடிவாகிவிட்டால் பொருள்கள் அதற்கேற்ப வளைக்கப்படும். இதற்குச் சான்றுகள் பல.

கிழக்கும் இளவேனிலும் மரத்திற்குரியன. தெற்கும் கோடையும் நெருப்பிற்கு. மேற்கும் இலையுதிர்காலமும் உலோகத்திற்கு. வடக்கும் குளிர்காலமும் நீருக்கு. நடுவிடம் மண்ணுக்குரியது, அதற்குரிய பருவம் எது? பருவங்கள் நான்குதானே! சிலர் கோடையின் இறுதியை மண்ணுக்கு ஒதுக்கினர். வேறு சிலர் ஒவ்வொரு பருவத்தின் கடைசிப் பதினெட்டு நாள்களையும் எடுத்து மண்ணுக்கு எழுபத்திரண்டு நாள் சேர்த்தனர். முந்நூற்றறுபதை ஐந்தால் வகுத்தால் வருவதும் அதுவே.

மருத்துவ நூல்கள் கல்லீரலை மரத்தோடும், இதயத்தை நெருப்போடும், மண்ணீரலை மண்ணோடும், நுரையீரலை உலோகத்தோடும், சிறுநீரகத்தை நீரோடும் இணைத்தன. ஆனால் பழைய பலிச்சடங்கு மரபை ஒட்டிய மற்றொரு வரிசையில் மண்ணீரல் மரத்துக்கும், நுரையீரல் நெருப்புக்கும், இதயம் மண்ணுக்கும், கல்லீரல் உலோகத்துக்கும் உரியன. ஐந்து தானியங்களின் பட்டியலில் ஒருவர் சணலை வைக்க, மற்றொருவர் அதன் இடத்தில் நெல்லை வைத்தார். இரு பட்டியலிலும் ஐந்து மட்டும் குறையவில்லை.

நற்பண்புகளின் கதையும் இதுவே. மென்சியஸ் மனித உள்ளத்தில் அன்பு, நீதி, ஒழுக்கமுறை, அறிவு ஆகிய நான்கின் முளைகளைக் கண்டார். நான்கு உறுப்புகளையுடைய உடலோடு அவற்றை ஒப்பிட்டார். ஹான் காலத்தில் டுங் சுங்-ஷூ போன்றோர் நம்பகம் என்னும் ஐந்தாவதைச் சேர்த்து முழுமையாக்கினர். கி.பி. 79இல் வெண்புலி மண்டபத்தில் பேரரசன் முன்னிலையில் நடைபெற்ற ஆய்வுரைகளின் தொகுப்பு, அன்பைக் கல்லீரலிலும் நம்பகத்தை மண்ணீரலிலும் குடியேற்றியது.

மறைநூல்கள் பழைய வழக்கில் ஆறு என்று எண்ணப்பட்டன. இசை நூல் மறைந்தபின் பாடல், ஆவணம், சடங்கு, மாற்றம், இளவேனில்-இலையுதிர்கால ஆண்டுக்குறிப்பு ஆகிய ஐந்தே எஞ்சின. கி.மு. 136இல் பேரரசன் வூ இவ்வைந்துக்கும் அரசவை ஆசிரியர்களை நியமித்தான். கி.மு. 124இல் ஐம்பது மாணவருடன் பேரரசின் கல்விக்கூடம் எழுந்தது. திருமறைத் தொகுதியின் வரலாற்றைக் கற்கும் நம் மாணவர், ஒரு மறைத்தொகுதி எவ்வாறு எல்லை கட்டப்பெறுகிறது என்பதற்கு இதனை ஓர் ஒப்புமையாக எண்ணிப் பார்க்கலாம்.

தண்டனைகளும் ஐந்தே. நெற்றியில் பச்சை குத்துதல், மூக்கரிதல், பாதம் வெட்டுதல், ஆண்மை நீக்கல், மரணம் என்பன பழைய ஐந்து. கி.மு. 167இல், தண்டனைக்குட்பட்ட ஒருவரின் மகளாகிய தீ-யிங் என்னும் சிறுபெண், தந்தைக்குப் பதிலாகத் தன்னை அரசாங்க அடிமையாக ஏற்கும்படி மன்றாடினாள். வெட்டப்பட்ட உறுப்பு மீண்டும் ஒட்டாது, திருந்த விரும்புபவனுக்கும் வழியில்லை என்ற அவளது விண்ணப்பத்தால் உள்ளம் இளகிய பேரரசன் வென் உறுப்புக் குறைப்பை நீக்கினான். பின்னாளில் தாங் சட்டத்தொகுப்பில் மெல்லிய கோலடி, தடித்த கோலடி, கட்டாய உழைப்பு, நாடுகடத்தல், மரணம் என்று மீண்டும் ஐந்து தண்டனைகளே காணப்படுகின்றன. பெயர் நிலைத்தது, பொருள் மாறியது. அம்மாற்றத்தைத் தொடங்கி வைத்தது ஒரு பெண்ணின் கண்ணீர்.

5. எதிர்க்குரல்கள்

இவ்வொழுங்கு அரசருக்கு மட்டுமே பயன்பட்டது என்றால் அது முழு உண்மை ஆகாது. விண்ணும் மண்ணும் மனிதனும் ஒரே ஒழுங்கால் பிணைக்கப்பட்டிருந்தால், அரசனின் அநீதி வெள்ளமாகவும் தீயாகவும் வெளிப்படும் என்று அறிஞர் கூறலாம் அல்லவா? ஹான் வரலாற்று நூலில் ஐந்து இயக்கங்களைப் பற்றிய பகுதி முழுவதும் இத்தகைய எச்சரிப்புகளால் நிறைந்துள்ளது. படையற்ற அறிஞன் அரசனைக் கண்டிக்கக் கிடைத்த ஒரே கருவி அது.

ஆயினும் அக்கருவி எத்துணை நொய்மையானது என்பதை டுங் சுங்-ஷூவின் வாழ்வே காட்டுகிறது. கி.மு. 135இல் ஹான் குலத்தை நிறுவியவரின் நினைவாலயம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதன் பொருளை விளக்கி அவர் எழுதிவைத்த வரைவை ஒருவர் திருடிப் பேரரசனிடம் சேர்த்தார். பேரரசன் அறிஞரைக் கூட்டி அதனைக் காட்டினான். டுங் சுங்-ஷூவின் சொந்த மாணவர் ஒருவர், தம் ஆசிரியரின் எழுத்து என்று அறியாமல், அது பெரும் மடமை என்று கூறிவிட்டார். ஆசிரியருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பேரரசன் மன்னித்தான், ஆனால் அதன்பின் அவர் இத்தகைய அடையாளங்களைப் பற்றிப் பேசத் துணியவில்லை.

வேறுவகை எதிர்ப்பு கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சுங் என்பவரிடமிருந்து எழுந்தது. பன்னிரு விலங்குகளும் ஐந்து இயக்கங்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. எலி நீருக்குரியது, குதிரை நெருப்புக்குரியது. நீர் நெருப்பை வெல்லுமானால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்று கேட்டார் அவர். சேவல் உலோகம், முயல் மரம். சேவல் ஏன் முயலைக் கொத்தித் தின்பதில்லை? ஒரே உடலில் ஐந்து இயக்கங்களும் குடியிருந்தால், உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று அழிக்கவேண்டாமா? எளிய வினாக்களே. ஆனால் பட்டியலை விட்டுக் கண்முன் நடப்பதை நோக்கிய ஒருவரால்தான் அவற்றைக் கேட்க முடியும்.

6. ஐந்தாவது உறவு

நம் சிந்தனைக்கு மிகவும் உரியது ஐந்து உறவுகளின் வரலாறு. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பாசம், அரசனுக்கும் அமைச்சனுக்கும் இடையே நீதி, கணவனுக்கும் மனைவிக்கும் இடையே வேறுபாடு, மூத்தோனுக்கும் இளையோனுக்கும் இடையே முறைமை, நண்பருக்கிடையே நம்பகம் என்று மென்சியஸ் கற்பித்தார். இவை இருவருக்கிடையே நிலவவேண்டியவை. ஒருவர் மீது மட்டும் சுமத்தப்பட்டவை அல்ல. அரசன் நெறி தவறினால் அவன் அரசனே அல்லன் என்று கூறத் தயங்காதவர் மென்சியஸ்.

ஹான் காலத்தில் இவ்வைந்திலிருந்து மூன்று பிரித்தெடுக்கப்பட்டன. அரசன் குடிக்கும், தந்தை மகனுக்கும், கணவன் மனைவிக்கும் வலையின் தலைக்கயிறு போன்றோர் என்று விதிக்கப்பட்டது. தலைக்கயிற்றை இழுப்பவன் கையில் வலை முழுவதும் அடங்கும். இருபுறக் கடமை ஒருபுறக் கீழ்ப்படிதலாயிற்று. மூன்றில் இடம்பெறாமல் வெளியே நின்றது நட்பு. ஐந்தனுள் சமநிலை உறவு அது ஒன்றே.

ரிச்சி பாதிரியார் 1595இல் சீன மொழியில் முதன்முதலாக இயற்றி அறிஞரிடையே பெயர்பெற்ற நூல் நட்பைப் பற்றியது என்பது கருதத்தக்கது. மூலப்பொருள்களைப்பற்றி அவர் செய்த வாதத்தைவிட, ஐந்தாவது உறவின் வாயிலாக நுழைந்த இச்சிறு நூலே சீனரின் உள்ளத்தை அவருக்குத் திறந்தது எனலாம். அந்நியனாய் வந்தவன் அரசனும் அல்லன், தந்தையும் அல்லன், நண்பனாகவே வரமுடியும்.

முந்நூறு ஆண்டுகளுக்குப்பின், தான் ஸு-துங் என்னும் இளம் சீர்திருத்தவாதி இதே உறவைச் சுட்டிக்காட்டினார். ஐந்து உறவுகளுள் தீங்கு குறைந்ததும் நன்மை மிகுந்ததும் நட்பே. மற்ற நான்கும் அதன் இயல்பைப் பெறவேண்டும் என்று அவர் எழுதினார். 1898இல் சீர்திருத்த முயற்சி முறியடிக்கப்பட்டபோது, தப்பியோட வாய்ப்பிருந்தும் மறுத்து, தம் முப்பத்து மூன்றாம் வயதில் கொலைத்தண்டனை ஏற்றார்.

7. முடிவுரை

இருபதாம் நூற்றாண்டில் சீனர் தம் ஐந்துகளைத் தாமே ஆராயத் தொடங்கினர். 1923இல் லியாங் சி-சாவ், ஐந்து இயக்கங்களின் கோட்பாடு ஈராயிரம் ஆண்டு மூடநம்பிக்கையின் பாசறை என்று சாடினார். 1930இல் கூ ஜியே-காங், பண்டைய அரசர்களின் வரிசையே இக்கோட்பாட்டுக்கேற்பப் பிற்காலத்தார் ஒழுங்குபடுத்தியது என்று விரிவாக ஆய்ந்து காட்டினார். ஆனாலும் எண் அழியவில்லை. 1912இல் பிறந்த குடியரசு ஐந்து இனங்களைக் குறிக்கும் ஐந்நிறக் கொடியை ஏற்றியது. கிறிஸ்தவராகிய சன் யாட்-சென் வகுத்த அரசியலமைப்புத் திட்டத்தில் அதிகாரங்கள் மூன்றல்ல, ஐந்து: சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகியவற்றோடு தேர்வு, கண்காணிப்பு என்பனவும் சேர்ந்தன. 1928இல் நான்கிங் அரசில் உருப்பெற்ற அவ்வமைப்பு இன்றும் தைவானில் உள்ளது. வெள்ளி உலோக விண்மீன் என்றும், செவ்வாய் நெருப்பு விண்மீன் என்றும் சீனப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் கற்கின்றனர்.

மனிதன் ஒழுங்கின்றி வாழ இயலாதவன். சிதறிக்கிடக்கும் உலகை ஒரு கைக்குள் அடக்கிக் காண அவன் விரும்புகிறான். கைக்கு விரல்களும் ஐந்தல்லவா! அவ்விருப்பம் பழிக்கத்தக்கதன்று. வேளாண்மையையும் மருத்துவத்தையும் இசையையும் அறத்தையும் ஒன்றோடொன்று உறவுள்ளவையாகக் காணும் பழக்கத்தைச் சீனர்க்கு அளித்தது அதுவே. ஆனால் பட்டியல் உண்மைக்குப் பணிவதை விட்டு, உண்மை பட்டியலுக்குப் பணியத் தொடங்கும்போது, அப்பட்டியல் வலியவன் கையில் கயிறாகிவிடுகிறது. போதகரும் ஆசிரியருமாகிய நாமும் தலைப்புகளாலும் எண்களாலும் உண்மையை வகுத்துப் போதிப்பவர்கள். நாம் வகுத்த பிரிவுக்குள் அடங்காத ஒருவர் நம்முன் நிற்கும்போது, பிரிவைத் திருத்துகிறோமா, அவரை வெட்டிக் குறைக்கிறோமா என்பதே வினா. எலியையும் குதிரையையும் கண்ணால் கண்ட வாங் சுங்கும், தந்தைக்காக மன்றாடிய தீ-யிங்கும், ஐந்தாவது உறவை முதலாவதாக்க விரும்பிய தான் ஸு-துங்கும் அவ்வினாவுக்கு எவ்வாறு விடையளித்தனர் என்பதை நாம் கண்டோம்.